பூசணம் பிடித்த பருப்பும் அஞ்சலையின் கன்றும்

போன வாரம் ஒரு கன்றுக்குட்டி என்னை ஃபெயில் ஆக்கிவிட்டது.

இருபது வருடமாக அறிவியல் வாத்தியாராக இருந்து மற்றவர்களை ஃபெயில் ஆக்கிக்கொண்டிருப்பவன் நான். நானே ஃபெயில் ஆவது இதுதான் முதல் முறை.

செவ்வாய்க்கிழமை காலை. கள்ளக்குறிச்சி டவுன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதே என்று சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தால், அஞ்சலை நிற்கிறாள். தினமும் கொண்டுவருகிற பால் சொம்பு கையில் இல்லை.

புது வாசகர்களுக்கு அஞ்சலையை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி இருக்கிறது. அதில் களை எடுப்பதிலிருந்து காய் உரிப்பது வரைக்கும் அவள்தான். அவளுக்கென்று சொந்த நிலம் கிடையாது. ஒரு செவலைப் பசு, அது போட்ட ஐந்து மாதக் கிடேரிக் கன்று... அவ்வளவுதான் சொத்து. அந்தக் கிடேரி வளர்ந்து கறவைக்கு வந்துவிட்டால் கூலி வேலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சார், கன்னு ஏந்திரிக்க மாட்டேங்குது. நேத்தியிலேருந்து படுத்துக்கினே கெடக்குது. தண்ணி காட்டினா மொகத்தத் திருப்பிக்குது. தாய் மாடும் சரியாத் தின்னல, பாலும் கம்மியாப் போச்சி. கொஞ்சம் வந்து பாருங்க சார்."

பஸ்ஸை விட்டேன். போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் அங்கே ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாடு படுத்துவிட்டால் நம் ஊரில் எத்தனை டாக்டர்கள் முளைக்கிறார்கள்! "திருஷ்டிதான், சந்தேகமே இல்ல" என்றார் ஒருவர். "நாக்குல உப்பு தேயி" என்றார் இன்னொருவர். டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து, வெங்காயத்தை நசுக்கிக் கொடுக்கச் சொன்னார். நிஜமான மாட்டு டாக்டர் மட்டும் ஊரில் இல்லை. தடுப்பூசி போட மலை மேலே கரியாலூருக்குப் போயிருந்தார். மத்தியானம் பஸ்ஸில் இறங்கியவரை அப்படியே கையோடு பிடித்து இழுத்து வந்தேன்.

கன்றின் கண் இமையை மடித்துப் பார்த்தார். மஞ்சள். வயிற்றை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஈரல் போயிருக்கு. இன்னாம்மா தீனி போட்ட?"

அஞ்சலை பெருமையாகச் சொன்னாள். "நல்ல தீனிதான் சார். வாத்தியார் வூட்ல குடுத்த மல்லாட்டப் பருப்பு. ஊறப் போட்டு ஆட்டி, கழனித் தண்ணில கலக்கி, இருவது நாளா ரெண்டுத்துக்கும் வெக்கிறேன். கன்னு வளரணுமேன்னு அதுக்கு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா வெப்பேன்."

டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கன்றைப் பார்த்தேன்.

இனி அந்தப் பருப்பின் கதை. (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மெட்ராஸ் வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்க வேண்டாம்.)

எங்கள் பக்கத்தில் காயை உரிப்பதற்கு முன்னால் அதன் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். கொஞ்சநஞ்சம் இல்லை, நன்றாகவே தெளிப்பார்கள். தோல் நெகிழும், பருப்பு உடையாமல் வரும், உரிக்கிறவர்களுக்குக் கை நோகாது. மண்டியில் எடையும் கொஞ்சம் கூடுதலாக நிற்கும் — இந்தக் கடைசிக் காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இன்றைக்கு உரித்தால் நாளைக்கு மண்டி. ஈரத்துக்கு விளையாட நேரமே இருக்காது. அதனால் இத்தனை வருடமாக யாருக்கும் இது ஒரு தப்பாகவே தோன்றியதில்லை.

போன மாதம் இந்தக் கணக்கு கவிழ்ந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம். உங்களுக்கே தெரியும், ரோட்டை மறித்து வெட்டிப் போட்ட மரங்கள் கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. யார் கேட்டதில் எத்தனை சதவீதம் நியாயம் என்பதை எழுதத் தலையங்கக்காரர்கள் இருக்கிறார்கள். என் கவலை, முந்தின நாள்தான் தண்ணீர் தெளித்து உரித்துக் கட்டி வைத்த ஈர மூட்டைகள். வெளியே மழை. நனைந்துவிடப் போகிறதே என்று தார்ப்பாயைப் போட்டு இறுக்கி வேறு மூடினேன். ஈரத்தை உள்ளே வைத்து ஒரு வாரம் மூடி வைத்த அந்தப் புத்திசாலி நான்தான்!

ரோடு திறந்த அன்று மூட்டையைப் பிரித்தால், உள்ளே சூடு. மக்கிய வாசனை. பருப்பின் மேல் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி. மண்டிக்காரர் குத்தூசியை விட்டு நாலு பருப்பை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "பொறுக்கி எடுத்துக்கினு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

பொறுக்கினோம். சதவீதத்துக்காக ஊரே ரோட்டில் நின்றதே, எங்கள் வீட்டு ஒதுக்கீட்டையும் கேளுங்கள். நல்ல பருப்பு மண்டிக்கு. சுமாரானது எங்களுக்கு. கறுத்தது, பச்சை பிடித்தது — அஞ்சலைக்கு! இதை எதிர்த்து இதுவரை ஒரு மறியலும் நடந்ததில்லை.

"கொட்டறதுக்கு மனசு வரலிங்க. மாட்டுக்காச்சும் ஆவட்டும்" என்றாள் என் மனைவி சரோஜா. (அவளை எப்போது பார்த்தாலும் பத்தியில் இழுப்பதாக ஒரு வாசகி கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரம் முக்கியக் குற்றவாளி அவள் இல்லை, நான்.) ஏனென்றால் அஞ்சலைக்கே ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் என்னிடம் கேட்டாள்:

"பூசணமா கீதே சார், மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதா?"

நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே பதில் சொன்னேன். "நல்லா வெய்யில்ல காய வெச்சுப் போடு. பூசணம் செத்துப்பூடும்."

வாத்தியார் சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் ஏது?

பூசணம் செத்துத்தான் போயிற்று. ஆனால் அது சாவதற்கு முன்னால் பருப்புக்குள் இறக்கிய விஷம் சாகாது. காய வைத்தாலும் போகாது, கழுவினாலும் போகாது, நாம் சமைக்கிற சூட்டில் வறுத்தாலும் வேக வைத்தாலும் முழுசாகப் போகாது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பேர். டாக்டர் மாட்டுக்கொட்டகையில் வைத்து எனக்கு இதைப் பாடமாக நடத்தினார். போர்டு இல்லாததால் மண்ணில் குச்சியால் படம் போட்டார். செல், அதன் நடுவில் உட்கரு. இதே படத்தை வருடா வருடம் பத்தாம் வகுப்பில் நான் கலர் சாக்பீஸில் போடுகிறேன்.

விஷம் குடல் வழியாக ஈரலுக்குப் போகிறது. ஈரலின் வேலை விஷத்தை முறிப்பது. இந்த விஷத்தில் மட்டும், முறிக்கப் போகிற இடத்திலேயே அதை முன்னைவிட மோசமான ஒன்றாக மாற்றி விட்டுவிடுகிறது. அது ஈரல் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய முடியாமல் திணறுகிறது. நிறையத் தின்றால் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து, மஞ்சள் காமாலை, ரத்தக்கசிவு, சாவு. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் தின்றால்? உடனே ஒன்றும் தெரியாது. தப்பாகத் திருத்தப்பட்ட டி.என்.ஏ.வை வைத்துக்கொண்டு செல் பெருகும். ஒரு நாள் அது ஈரலில் புற்றுநோயாக எழுந்து நிற்கலாம். அதுவும் சின்ன உயிர்களுக்குத்தான் முதல் அடி. கன்றுக்கும் சரி, குழந்தைக்கும் சரி.

எங்கள் பரீட்சையில் என்ன கேள்வி வரும் தெரியுமா? 'பூஞ்சைகளின் பயன்கள் யாவை?' பையன்கள் பென்சிலின், ரொட்டி என்று கடகடவென்று எழுதுவார்கள். நானும் டிக் போட்டுக்கொண்டே போவேன். தீமையைப் பற்றி ஒரு வருடமாவது ஒருவராவது கேட்டதுண்டா? புத்தகத்தைத் திட்டலாம், பாடத்திட்டத்தைத் திட்டலாம். அஞ்சலை கேட்டாளே ஐயா, நேருக்கு நேர்! அதற்கு நான் எழுதிய விடை கொட்டகையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது.

டாக்டர் ஊசி போட்டார், குளுக்கோஸ் ஏற்றினார். "தாய் மாடு தேறிக்கும். கன்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டார். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாதாம். கிளம்பும்போது நினைவு வந்தவர் போலக் கேட்டார்.

"ஆமா, இந்த மாட்டுப் பால யாரு குடிக்கிறீங்க? மாடு தின்ற விஷத்துல ஒரு பங்கு பால்லயும் எறங்கும். தீனிய நிறுத்தி ஒரு வாரம் போவட்டும். அதுவரைக்கும் தொடாதீங்க."

"எல்லாப் பாலும் வாத்தியார் வூட்டுக்குத்தான் சார் ஊத்துறேன்" என்றாள் அஞ்சலை. "எங்க வூட்ல வரக்காப்பிதான்."

கூட வந்து நின்றிருந்த சரோஜாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்க அங்கே கண்ணாடி இல்லை. கெட்டதை வெளியே தள்ளிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தோம். அது இருபது நாளாக எங்கள் டம்ளரில் நுரை கட்டி வந்துகொண்டிருந்திருக்கிறது. டிகிரி காப்பி என்று உறிஞ்சிக் குடித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் கன்று செத்துப்போயிற்று.

அஞ்சலை சத்தம் போட்டு அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நாந்தான் சார் அதுக்கு ஜாஸ்தியா வெச்சேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்தான் போடச் சொன்னேன் என்று சொன்னேன். இதற்குப் பதிலாக வேறு கன்று வாங்கித் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வாங்கிக் குடுப்பீங்க சார். அதுக்கு இன்னா தீனி போடறதுன்னு இனிமே யாரக் கேக்கறது?"

மிச்சப் பருப்பைக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அதற்கும் நிம்மதி இல்லை. குழியை மூடுவதற்குள் இரண்டு பேர் வந்து, "பொதைக்கிறதுக்கு பதுலா எங்களாண்ட குடுங்களேன், ஆட்டுக்கு ஆவும்" என்கிறார்கள். பக்கத்திலேயே கன்றையும் புதைத்திருக்கிறது ஐயா! இதற்கு மேல் என்ன போர்டு எழுதி மாட்ட?

சனிக்கிழமை, பாக்கி இருந்த நான்கு மூட்டைக் காயை உரிக்க ஆள் வந்தது. அஞ்சலையும் வந்தாள். வராமல் எப்படி? நான் வாசலில் நின்று சட்டம் போட்டேன். இனிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக் கூடாது. காய்ந்த காயைக் காய்ந்தபடியே உரிக்க வேண்டும். இதைவிட விஞ்ஞானபூர்வமான உத்தரவு இருக்க முடியுமா?

அஞ்சலை தன் இரண்டு கட்டைவிரலையும் நீட்டிக் காட்டினாள். "காஞ்ச தோலு கத்தி மாரி சார். தண்ணி இல்லாம உரிச்சா சாயங்காலத்துக்குள்ள வெரல் கிழிஞ்சிடும். நீங்க வேணா உக்காந்து பாருங்க."

கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகத்தான் சொன்னாளா, தெரியவில்லை. உட்கார்ந்தேன். ஈர மூட்டைக்கு மூடி போட்டது நான், வெயிலில் காய வைக்கச் சொன்னது நான், விரல் மட்டும் எப்போதும் அவளுடையதா? சரோஜாவும் முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு படி தேறுவதற்குள் என் கட்டைவிரலில் ரத்தம். உரிக்கிற மெஷின் ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் விசாரிக்கப் போகிறேன். இத்தனை வருடமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தயவுசெய்து யாரும் கேட்டு எழுதாதீர்கள்.

இந்த வாரம் கையெழுத்து புரியவில்லை என்று அச்சுக்கோப்பவர் சண்டைக்கு வந்தால் வரட்டும் — பேனா பிடிக்கிற விரலில் தோல் இல்லை.