ஐந்தருவியும் நான்கு சதவீத சார்ஜும்

இந்த ஜூலையில் நான் குற்றாலம் போனது குளிக்க மட்டுமல்ல. தென்காசியில் இருக்கும் என் கல்லூரித் தோழி பாத்திமாவின் கணவர் யூசுப் சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி ஆறு வருடமாக அவருக்கு லீவு கிடைத்ததெல்லாம் அருவி வற்றிப் பாறை தெரியும் மாதங்களில்தான். இந்த வருடம் சாரலுக்கு வருவதாக இருந்தார், அதுவும் தள்ளிப்போனது. போதாததற்கு, மறுநாளிலிருந்து பாலைவனத்துக்குள், சிக்னலே இல்லாத இடத்தில் ஒரு மாத வேலை. அதற்குமுன் அவருடைய சாப்பாட்டு இடைவேளையில், நம் நேரம் மதியம் இரண்டரைக்கு, அருவியை வீடியோ காலில் காட்டுவதாகப் பாத்திமா சொல்லியிருந்தாள். "தனியாப் போவ ஒரு மாதிரி இருக்குட்டி, நீயும் வா" என்று கூப்பிட்டாள். போனேன்.

மதுரையில் காலை ஏழு மணி வாக்கில் செங்கோட்டை ரயிலைப் பிடித்தால் பத்தரைக்குத் தென்காசி. வலப்பக்க சன்னலைப் பிடியுங்கள், மலை கூடவே வரும். சார்ஜ் போடும் இடம் உயரத்தில் இருந்தது, என் கேபிளோ குட்டை. போன் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, பெட்டி குலுங்கும்போதெல்லாம் சேர்ந்து ஆடியது. அப்படியே ஆடவிட்டுத் தூங்கிப்போனேன். திட்ட நினைப்பவர்கள் சிரமப்பட வேண்டாம், நானே போதுமான அளவு திட்டிக்கொண்டாயிற்று.

பாத்திமா வீட்டு மேசை இழுப்பறை முழுக்கக் கேபிள்கள். யூசுப் ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டோடும் தைலத்தோடும் கொண்டுவந்தவை. எல்லாவற்றுக்கும் கழுத்து பிய்ந்திருந்தது. தினமும் சார்ஜில் போட்டபடியே, காதருகே கேபிளை மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினால் வேறென்ன ஆகும்? அவள் போனில் கேபிள் செருகும் துளையும் தளர்ந்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினால்தான் சார்ஜ் ஏறுகிறது.

"ராத்திரி ரப்பர் பேண்டு நழுவிட்டு. இருபதுதான் இருக்கு. உங்கிட்ட பவர் பேங்க் இருக்குல்லா?"

"ஃபுல்லா இருக்கு, அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்றேன், பெருமையாக.

ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தோம். குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான். ஆனால் ஓட்டுநர், "மெயின் அருவில தண்ணி கூடுதலா விழுது, குளிக்க விடல. ஐந்தருவிக்கு விடட்டாக்கா? முந்நூத்தம்பது" என்றார்.

"என்ன அண்ணாச்சி, உள்ளூர்க்காரியளுக்குமா?" என்று பாத்திமா கேட்டதும் முந்நூறுக்கு இறங்கினார். அவர் வண்டியிலும் ஒரு கேபிள், தலை முதல் கால் வரை டேப் சுற்றியபடி தொங்கியது. "இந்தச் சாரலுக்கு எந்த ஒயரும் ரெண்டு சீசன் தாங்காதுக்கா" என்றார், மழையைப் பார்த்துக்கொண்டே.

ஐந்தருவியில் கழுத்தில் தொங்கவிடும் பிளாஸ்டிக் உறை ஐம்பது ரூபாய். ஆளுக்கொன்று வாங்கினோம். பாத்திமா தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு போனை உள்ளே தள்ளி உறையின் வாயை மூடினாள். எண்ணெய் விரலுக்கு அது சரியாக மூடவில்லை என்பது குளித்துவிட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. பெண்கள் பக்கம் கூட்டம் குறைவு. தண்ணீர் முதுகில் அறைந்த சுகத்தை எழுதி விளக்க முடியாது.

மணி இரண்டு. பாத்திமா போனில் மூன்று சதவீதம். பவர் பேங்கைச் செருகினால், துளையில் ஈரம் இருப்பதாக நீர்த்துளிப் படம் காட்டி 'பீப்' என்றது. துடைத்தோம், ஊதினோம், துப்பட்டா நுனியைத் திரித்து விட்டோம். நீர்த்துளி போகவில்லை, போன்தான் அணைந்தது.

என் போனில் ஆறு. இந்தக் கட்டுரைக்காக எடுத்த படங்கள் மீதியைத் தின்றிருந்தன. கேபிளைச் செருகினால் ஏறவில்லை. கேபிள்தான் போயிற்று என்று பக்கத்துக் கடையில் நூற்றைம்பது கொடுத்துப் புதிது வாங்கினேன். அதுவும் பிடிக்காமல் லொடலொடவென்று ஆடியது. ரயிலில் தொங்கித் தொங்கி என் போனின் துளையே தளர்ந்திருந்தது. அழுத்திப் பிடித்தும் ஏறவில்லை, ரப்பர் பேண்டோ பாத்திமா வீட்டில். கடைக்காரர் பாத்திமாவிடம், "போன அரிசிக்குள்ள போட்டு வைம்மா, சரியாயிரும்" என்றார்.

"அரை மணி நேரத்துல அரிசி என்னத்த உறிஞ்சும் அண்ணாச்சி?" என்றவள் துளையை மறுபடி ஊத ஆரம்பித்தாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. பையில் நிறைகுடமாகப் பவர் பேங்க், கையில் இரண்டு உதவாத போன்.

இரண்டரைக்கு என் போனில் நான்கு. யூசுப் எண்ணை அவள் மனப்பாடமாகச் சொன்னாள். குளிக்கிறவர்கள் படத்தில் விழாதபடி வெளியே கம்பி ஓரமாக நின்று, மேலே தண்ணீர் விழும் பாறையைக் காட்டினோம்.

"ஏங்க, தெரியுதா?"

"வெள்ளையா என்னமோ தெரியுது. யாரு நம்பரு இது?"

"இவ நம்பரு. சார்ஜ் இல்ல, இப்ப அணைஞ்சிரும்."

"அப்பம் வீடியோவ நிப்பாட்டிரு பிள்ள. சத்தம் மட்டும் கேக்கேன். நீ பேசாண்டாம்."

அவள் கேமராவை அணைத்துவிட்டு, கையை நீட்டி, போனை அருவிப் பக்கம் பிடித்தபடி நின்றாள். சாரல் முகத்தில் அடித்தது. கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்ததை நான் பார்த்தேன். அவள் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை. கை வலித்து அவளாக இறக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

குற்றாலம் போகிறவர்களுக்கு: போனைக் கேபிளில் தொங்கவிடாதீர்கள், மடியில் வையுங்கள். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். துளையில் ஈரம் என்றால் அரிசி, ஊசி எதுவும் வேண்டாம்; துளை கீழே பார்க்கக் காற்றில் வைத்துவிட்டுக் காத்திருங்கள். கேபிளைக் குறை சொல்லும்முன் துளையைப் பாருங்கள். முக்கியமான அழைப்பு இருந்தால் படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்குப் பாத்திமா வீட்டில், அவளுடைய ரப்பர் பேண்டை மாட்டித்தான் என் போனை உயிர்ப்பித்தோம். யூசுப் எழுதியிருந்தது வந்து விழுந்தது. அவளிடம் நீட்டினேன்.

"நடுவுல சத்தம் நின்னுட்டு. இணைக்குது, இணைக்குதுன்னே காட்டிட்டு இருந்துச்சு. நானும் காதுல இருந்து எடுக்கல."