சாயங்காலக் கடல்காற்று

ஆலைகள் நிறைந்த அம்பத்தூர் எஸ்டேட் பக்கத்து வீட்டை விற்றுவிட்டு அக்கா பாரிவாக்கத்துக்குக் குடிபோனதே நல்ல காற்றுக்காகத்தான். அவளுக்கு வீசிங். அவளுக்கு இழுப்பு வரும்போதெல்லாம், லேத் பட்டறையில் வேலை செய்யும் மாமாவுக்கு முகம் செத்துப்போகும். புது வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று மட்டும் அவர் தெம்பாக இருந்தார். "புகையே இல்ல. சாயங்காலமானா கடல் காத்து ஊட்டுக்குள்ள வந்துகினே கீது" என்றார்.

எனக்குக் காற்றைக் கணக்குப் போடும் உத்தியோகம். தரையை ஒட்டிய ஓசோன் எப்படி ஏறி இறங்கும் என்று கணினி மாடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். வெகு உயரத்தில் இருக்கும் ஓசோன் நம்மைக் காக்கும். கீழே இருப்பது மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். வண்டிப் புகையும் ஆலைப் புகையும் வெயிலில் வெந்து உண்டாகிற அது, கண்ணுக்குத் தெரியாது. மாதச் சராசரியில் எங்கள் மாடல் நிஜ அளவோடு கச்சிதமாகப் பொருந்தும். கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான்.

வீடு மாறியும் அக்காவுக்கு இழுப்பு நிற்கவில்லை. காலையில் நன்றாக இருப்பாள். மத்தியானம் முழுக்கப் புழுக்கத்தில் கிடந்து, கடல்காற்று வந்ததும் எழுந்து எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு எதிரே உட்காருவாள். இந்த ஊரில் யார்தான் அப்படிச் செய்வதில்லை? விளக்கு வைப்பதற்குள் இழுப்பு ஆரம்பித்துவிடும். பெயிண்ட் வாசம், தூசி, பக்கத்தில் கட்டுகிற வீட்டின் சிமென்ட் என்று மாமா ஒவ்வொன்றின் மேலும் பழி போட்டார். என் மாடலைக் கேட்டால், அந்த நேரத்தில் ஓசோன் இறங்கிவிடும் என்றது.

மனசு கேட்கவில்லை. ஆபீசில் அனுமதி வாங்கி, ஓர் அளவுக் கருவியை அவளுடைய மொட்டை மாடியில் வைத்தேன். உச்சி வெயிலில் ஓசோன் கொஞ்சம்தான் ஏறியது. கடல்காற்று வந்த பிறகு விறுவிறுவென்று ஏறியது. பார்த்த நாளெல்லாம் இதே கதைதான். பட்டணத்துப் புகையை எல்லாம் வாரிச் சுருட்டி, வழி நெடுக வெயிலில் வேகவைத்து, மேற்கே எங்கள் பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறது அந்தக் காற்று. மாடலோ ஊரைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் அளவுதான் சொல்லும்; அதில் ஆவடி, அம்பத்தூர், பாரிவாக்கம் மூன்றும் ஒரே கட்டம். கடல்காற்றும் அதில் நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. ஒரு சாயங்காலத்தின் ஏற்றம் மாதச் சராசரியில் கரைந்துபோகும். சராசரியை யார் மூச்சாக இழுக்கிறார்கள்? வந்த ஆத்திரத்தில் அந்தக் கச்சிதமான வரைபடத்தைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போய் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். காற்று வந்ததும் ஜன்னலைச் சாத்திவிட வேண்டும், நன்றாக இருட்டிய பிறகு திறந்துகொள்ளலாம் என்றேன். மாமா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைக் கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். அந்நேரம் திரைச்சீலை ஆட ஆரம்பித்தது. எழுந்து ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தவள், கடைசி ஜன்னலின் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"அப்ப நான் எந்தக் காத்தத்தாண்டி இழுக்கறது?"

மாமாதான் எழுந்துபோய், அவள் கையை மெல்ல எடுத்துவிட்டு, அந்த ஜன்னலைச் சாத்தினார்.