யோக வாசல்

என் வீட்டுக்காரர் கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறையில் ஃபோர்மேன். தண்ணீரை எப்படி மேலே ஏற்றுவது என்று ஊருக்கே சொல்லித் தருவார். அது தானாக எந்தப் பக்கம் ஓடும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவேயில்லை.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரையே வாஸ்துப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. துடியலூரில் எங்கள் வீட்டு வாசல் தெற்கே மேட்டுத் தெருவைப் பார்த்து இருந்தது. வடகிழக்கில் பள்ளம், மலைத்தண்ணீர் இறங்கும் வழி, பல வருஷமாகக் காய்ந்து கிடந்தது. ஆர்.எஸ்.புரத்திலிருந்து காரில் வந்த வாஸ்துக்காரர் திசைகாட்டியைப் பார்த்துவிட்டு, "ஈசானி மூலை தாழ்ந்திருக்குது, யோகமுங்க! தெக்கு வாசல அடைச்சுப்போடுங்க" என்றார். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியத்தானே செய்யும்? ஒரே வாரத்தில் தெற்கு வாசல் செங்கல் சுவரானது. பள்ளத்தைப் பார்த்துப் புது வாசல் வைத்தார்கள்.

"ஏனுங்க, மலையில மழை பேஞ்சா?" என்று கேட்டேன்.

"வெவரமானவங்க சொல்றாங்க, நீ சும்மாரு அம்மணி."

விவரமாம், விவரம்!

அந்த ஐப்பசியில் கடலிலிருந்து வந்த ஈரக்காற்று மேற்கு மலையில் முட்டி, இரண்டு நாள் விடாமல் கொட்டியது. எங்கள் தெருவில் வெறும் தூறல். மூன்றாம் நாள் மத்தியானம் பள்ளம் செம்மண் நிறத்தில் பொங்கி, யோக வாசல் வழியாக நேரே உள்ளே வந்தது. வாசலில் இடுப்பளவு தண்ணீர் ஆளை இழுத்தது, அந்தப் பக்கம் கால் வைக்க முடியாது. உள்ளே கட்டிலில் மாமியார், பக்கவாதத்தில் விழுந்தவர். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது.

கடப்பாரையால் தெற்குச் சுவரைக் குத்தினேன். இவர் என் கையைப் பிடித்தார்.

"தெக்க தொறந்தா உசுருக்கு ஆகாதுன்னாரு!"

"உங்கம்மா உசுரு போகுதுங்க, கைய உடுங்க!"

அந்த நேரத்திலும் 'ங்க' வந்து தொலைந்தது. அந்த மனுஷனுக்கு அது அதிகம். சத்தம் கேட்டு எதிர்வீட்டு பாய் வெளியிலிருந்து சம்மட்டியால் அடித்தார். அந்த ஓட்டை வழியாகத்தான் நானும் பாயும் மாமியாரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். இவர் பூஜை அலமாரியில் வாஸ்துக்காரர் கொடுத்த தகட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டார். நான் சுவரை உடைத்ததுதான் குற்றமாம். தூ! மறுநாளே செங்கல்லோடு கொத்தனார் வந்து இறங்கினார்.

மாமியாருக்கு வாய் குழறும். மகனைக் கூப்பிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "சாமி, அடைக்கறதுக்கு முன்னால என்னைத் தூக்கி வெளிய போட்டுரு."

கொத்தனார் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெற்ற மகன் கேட்டார்: "அப்ப வாஸ்துக்காரருக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"