சுற்றிலும் தண்ணீர் இருந்தால்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு பாடம் நடந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு... எலக்ட்ரான் பாடம்!

மாடி வீட்டு மேரி கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். மறுநாள் பெரியவர்கள் முன்னால் பேச வேண்டுமாம். ஒத்திகைக்கு ஆள் தேடினாள். நான்தான் குறுக்கே பேச மாட்டேனே! உங்களுக்கு எழுதத்தான் எனக்கு வாய் உண்டு.

"ஆயா, கேன்சருக்கு ரேடியேஷன் குடுத்தா ஒடம்புக்குள்ள எலக்ட்ரான் கெளம்பும். வேகமா வர்றது தாண்டிப் பூடும். மெதுவா வர்றதுதான் மூலக்கூறு மேல ஒட்டிக்கும்."

"ஒட்டிக்குமா?" எனக்குத் திக்கென்றது.

"ஆமா. மூலக்கூறு தனியா இருந்தா ஒடைஞ்சிடும். சுத்தித் தண்ணி கூட்டமா நின்னுகினு இருந்தா, அந்த அடியைத் தண்ணி வாங்கிக்கும். எலக்ட்ரான் ஒட்டும்... ஆனா முக்காவாசி வாட்டி மூலக்கூறு ஒடையாது."

"பக்கத்துல குந்தினா... நமக்கும் ஒட்டுமா?"

"இன்னா ஆயா நீ! மெஷினை நிறுத்தினா அதோட சரி. கட்டிப் புட்சிகினு தூங்கலாம்."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் நாத்தனார் ரோசி காசிமேட்டில் மீன் விற்றவள். இரண்டு வருடம் முன்பு தொண்டையில் புற்று. மெஷினில் ரேடியேஷன், எங்கள் பேச்சில் கரண்ட், கொடுத்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து தனியாகவே பஸ்ஸில் போய் வருவாள். அந்தக் கரண்ட் உடம்பிலேயே நிற்கும், அடுத்தவருக்கு ஒட்டும் என்று தெருக்குழாயடியில் யாரோ சொன்னார்கள். நம்பிவிட்டேன். ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம்... வெட்கம்! அவளுக்குத் தனி டம்ளர், தனிப் பாய். கஞ்சியை வைத்துவிட்டு எட்டி நிற்பேன்.

அவளுக்குப் புரியாதா? தெரு முழுக்கக் கேட்ட குரல், அப்போது வெறும் காற்றாகத்தான் வரும்.

"இன்னா அண்ணி, மீன் கவிச்சியோட வந்தப்பகூட ஒட்டிகினு குந்துவியே. இப்ப இன்னா, அதவிட நாறிகினா கீறேன்?"

கேலி போலத்தான் கேட்டாள். நான் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றேன்.

ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டாள். சவப்பெட்டியை மூடும்போதுதான் அவள் கன்னத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

என்ன செய்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள்தான். ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் அவளைச் சுற்றி யார் இருந்தோம்?

மேரியின் பேச்சு நன்றாக நடந்ததாம். "எல்லாரும் கேள்வியா கேட்டாங்க ஆயா" என்றாள். கொடுத்து வைத்தவர்கள், கேட்கத் தெரிந்தவர்கள்.

பரணிலிருந்து ரோசியின் டம்ளரை எடுத்துக் கழுவினேன். இப்போது அதில்தான் எனக்கு டீ.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ரேடியேஷன் நடக்கிறதா? வெட்கப்படாமல் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு — பக்கத்தில் போய் உட்காருங்கள்.