இடது கால் எங்களுக்கு

1963 ஒக்ரோபர் 9. கப்பலில் வந்து இறங்கியது. கையில் 14 டொலர்.
1971 மே 28. லான்ஸ்டவுன் வீடு வாங்கியது. 24,500 டொலர்.
1987 பெப்ரவரி 3. கணவர் அன்ரே மறைவு. கல்லறைக் கல் 1,850 டொலர்.
1991 செப்ரெம்பர் 1. கீழ்வீடு எங்களுக்கு. மாத வாடகை 475 டொலர்.
1996 ஓகஸ்ட் 15. சிஞ் மாதா கோவில். மெழுகுதிரி இரண்டு. விலையைச் சொல்ல மறுத்துவிட்டார்.

இவை எங்கள் வீட்டுக்காரி யெல்கா தன் வாயால் சொல்ல நான் குறித்தவை. ஊர்காவற்றுறையில் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைமை எழுதுவினைஞராக முப்பத்தொரு வருடம் இருந்தவன் நான். திகதி தவறாது. எங்கள் கோவில் பங்கின் ஆண்டு மலருக்கு யெல்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பொறாமையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது. ஆறரை வருடம் அந்த வீட்டின் கீழே இருந்து எனக்குப் பழகியது அதுதான்.

யெல்கா குரோவேசியாவில் சிஞ் என்ற சிறு நகரத்துக்குப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். இருபத்தைந்து வயதில் கணவரைத் தேடி ரொறன்ரோ வந்தார். அன்ரே நிலத்தடி ரயில் பாதை தோண்டினார். யெல்கா ஒரு வைத்தியசாலையின் சலவைப் பகுதியில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தார். அன்ரே போன நாளிலிருந்து கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தவில்லை. மழையோ பனியோ, காலைப் பூசைக்கு நடந்தே போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பிள்ளைகளும் ஏழு பேரப்பிள்ளைகளும் வருவார்கள். எங்கள் தலைக்கு மேல் பலகை அதிரும். எங்கள் ஒரே மகன் இக்னேசியஸ் பிறம்ரனில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவான். வந்தவுடன் மேலே ஏறிவிடுவான். முட்டைக்கோவா இலையில் இறைச்சி சுற்றி அவித்து யெல்கா அவனுக்கென்று எடுத்து வைத்திருப்பார்.

"கீழ இருக்கிறதுதான்ரா உன்ர அப்பன்" என்று ஒருநாள் சொன்னேன்.

"தெரியும் அப்பா. மேல சாப்பாடு சூடாயிருக்கு."

நாங்கள் குடிவந்த காலத்தில் அவருடைய ஊரிலும் எங்கள் ஊரிலும் சண்டை. அதனால் யெல்காவும் என் மனைவி கிளடிசும் சேர்ந்து செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். இருவரிடமும் இருந்தது முறிந்த ஆங்கிலம். அதை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார்கள். நாற்பது வருடத்தில் கிளடிஸ் என்னோடு அவ்வளவு பேசியதில்லை. யெல்கா சொன்னவற்றை, கிளடிஸ் எனக்குத் திருப்பிச் சொன்ன தமிழிலேயே இங்கே எழுதுகிறேன்.

1992 ஜனவரி 15 அன்று பல நாடுகள் குரோவேசியாவைத் தனி நாடாக ஏற்றன. தெருவில் கார்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. வால்நட் வைத்துச் சுருட்டிய கேக்கோடு யெல்கா படியிறங்கி வந்தார். கிளடிஸ் இரண்டு துண்டு சாப்பிட்டார். நான் தொடவில்லை.

1995 கோடையில் அவருடைய ஊர்ப் பக்கம் சண்டை ஓய்ந்தது. அதே வருடம் ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணம் முழுவதும் வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டு நடந்தது. குருநகரில் தனியே இருந்த என் தங்கை அருள்மலர் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லை. தபால் பெட்டியைத் திறப்பது என் பொறுப்பு. ஓரத்தில் சிவப்பும் நீலமும் போட்ட விமானத் தபால் உறைகள் யெல்காவுக்கு வந்தபடி இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மேலே கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அருள்மலர் உயிரோடு இருந்தால் ஓகஸ்ட் 15 திருநாளுக்கு எங்கள் நாட்டு மடுமாதா கோவிலுக்கு வெறுங்காலோடு நடப்பதாகக் கிளடிஸ் நேர்ந்தார். அந்த வழியெல்லாம் சண்டை, போக முடியாது. யெல்காவும் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். போர்முனைக்குப் போன தம்பி திரும்பினால், கிராமத்திலிருந்து சிஞ் மாதா கோவில்வரை வெறுங்காலோடு நடப்பது. அங்கும் திருநாள் ஓகஸ்ட் 15தான். தம்பி திரும்பிவிட்டார். 1996 ஜூலையில் யெல்கா விமான ரிக்கற் எடுத்தார்.

அன்று மேல்மாடிக் குசினியில் கிளடிஸ் கேட்டார். "யெல்கா, எங்கட நேத்தியையும் சேத்து நடப்பியளோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "மடுவுக்கு நேந்ததை வேற ஊர் மாதாவிட்டத் தீர்க்கலாமோ?"

"ரெண்டு மாதாவோ இருக்கிறா?" என்றார் யெல்கா.

"ஒரு ஆள் ஒரு நடையில ரெண்டு நேத்தி தீர்க்கேலாது."

யெல்கா கதிரையில் இருந்தபடியே இரண்டு பாதங்களையும் தூக்கிக் காட்டினார். "கால் ரெண்டு இருக்கு. வலது என்ர தம்பிக்கு. இடது உங்கட தங்கச்சிக்கு. எழுதி வையுங்கோ, மிஸ்டர் பென்சில்."

சட்டைப் பையில் எப்போதும் பென்சில் வைத்திருப்பதால் எனக்கு அந்தப் பெயர். இரண்டு பெண்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

செப்ரெம்பர் 4இல் யெல்கா திரும்பி வந்தார். வலது காலில் சப்பாத்து, இடது காலில் கட்டு. பதினான்கு கிலோமீற்றரில் கடைசித் துண்டில் ஒரு கூர்க்கல் ஏறியிருந்தது. சலரோகக்காரி, சீனி வியாதி உள்ளவர் என்பதால் புண் ஆற நாளெடுத்தது. ஸ்ரூலில் காலை நீட்டி வைத்துக்கொண்டு, "உங்கட தங்கச்சி பாரமான ஆள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கிளடிஸ் நாள்தோறும் அந்தக் கட்டை மாற்றினார். நான் வாசலில் நின்று பார்த்தேன். என் கூடப்பிறந்தவளுக்காக என் காலில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் புண்ணின்மீதும் எனக்குப் பொறாமை வந்தது.

ஒக்ரோபர் 21இல் எனக்குக் கடிதம் வந்தது. அருள்மலரின் கையெழுத்து. மடுக் கோவில் வளவில் அகதிக் கொட்டிலில் இருக்கிறாள். ஒரு சுவாமியார் மூலம் கொழும்புக்கு அனுப்பி அங்கிருந்து வந்திருந்தது. கிளடிஸ் முழந்தாளிட்டார். நான் கடிதத்தின் தலைப்பைப் பார்த்தேன். ஜூலை 2 என்று திகதி போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

"நீங்கள் நடக்க ஆறு கிழமைக்கு முதலே அவ உயிரோட இருக்கிறா. காலை வீணாக் கெடுத்துப்போட்டியள்."

யெல்கா என் தங்கைக்காகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். பிறகு கண்ணாடியை மாட்டினார். தமிழ் எழுத்துகளுக்கு நடுவே அவருக்கு வாசிக்க முடிந்தது இலக்கங்கள் மட்டும்.

"ஜூலையில கேட்டது கிடைச்சிட்டுது. ஓகஸ்டில நான் கட்டினன். பிந்திப்போச்சோ, மிஸ்டர் பென்சில்?"

கணக்கு சரியாக இருந்தது. எனக்குப் பின்னால் படியில் நின்ற கிளடிஸ் சொன்னார்: "இறங்கி வாங்கோ. தேத்தண்ணி ஆறுது."

கிளடிஸ் அந்தக் காலின் கதையை மடுவுக்கு எழுதினார். அதன்பிறகு அருள்மலர் யெல்காவுக்கே எழுதத் தொடங்கினாள். யெல்காவுக்கு நாலு பக்கம், எனக்கு ஒரு பக்கம். அந்த நாலு பக்கத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவனும் நானே. கொட்டில் ஒழுகுவது, பல்வலி, தண்ணீருக்கு நிற்கும் வரிசை, எல்லாம் அவருக்கு. எனக்குச் சுகம் விசாரிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்து நடந்த அன்று ஒரு செருப்பு அறுந்து, மிச்ச வழியெல்லாம் ஒரு கால் வெறுங்காலாக நடந்ததையும் நான் யெல்காவுக்கு வந்த கடிதத்தில்தான் அறிந்தேன்.

"எந்தக் கால்?" என்று யெல்கா கேட்டார்.

"அது எழுதேல்லை."

"கேட்டு எழுதுங்கோ."

1997 நவம்பர் 11இல் கேட்டு எழுதினேன்.

1998 பெப்ரவரி 20 காலைப் பூசைக்குப் புறப்பட்ட யெல்கா கோவில் படியில் அமர்ந்தார், எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள். அடக்கத்துக்கு வந்தவர்களை எண்ண முயன்று, முந்நூற்றுக்குமேல் விட்டுவிட்டேன். என் மகன் சவப்பெட்டி தூக்கினான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருபவன், அந்தக் கிழமை நான்கு நாள் வந்தான்.

பிறகு ஓர் உறை வந்தது. யெல்காவின் பெயருக்கு. மூலையில் சிறிய எழுத்தில், "அண்ணை, வாசிச்சுச் சொல்லுங்கோ." கிளடிசைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிக் கல்லறைக்குப் போய், அன்ரேயின் கல்லுக்குப் பக்கத்தில் நின்று நாலு பக்கத்தையும் வாசித்தேன். எந்தக் கால் என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மெழுகுதிரியின் விலையை யெல்கா எனக்குச் சொல்லவில்லை. இதை நானும் இங்கே சொல்லப்போவதில்லை. அது அவருக்கு வந்த பதில்.

அவர் பெயருக்கு வந்த அந்தக் கடைசிக் கடிதம் எங்கள் தபால் பெட்டியில் கிடந்தது 1998 மார்ச் 19.