உயிரோடு இருந்தவருக்குக் கத்தம்

கடல் கடந்து மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது மலையோ குளிரோ அல்ல, ஒரு சுவர். அலுவிகாரையில் எங்கள் வீட்டை இரண்டாகப் பிரித்து நின்ற அந்தச் சுவருக்கு அப்பால், அந்தி சாயும் வேளையில் யாரோ இருமுவார்கள். கிணற்றில் வாளி உரசும். பிறகு மெல்லிய குரலில் ஓதுவது கேட்கும். பெரும்பாலும் யூசுப் நபியின் வரலாறுதான். அங்கே யார் இருக்கிறார்கள் என்று மாமியிடம் கேட்டேன். "ஒத்தரும் இல்ல மகள், காத்தா ஈக்கும்" என்றார், அரிந்துகொண்டிருந்த வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல். என் கணவரும் அதையே சொன்னார். ஓதுகிற காற்றை அதிராம்பட்டினத்தில் நாம் கண்டதில்லை. நம் ஊர்க் காற்று மணலை வாரிக் கண்ணில் போடும், அத்தோடு சரி.

மாமனாருக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. மிளகுக் கடையிலிருந்து வந்தால் அந்தச் சுவரைப் பிடித்தபடிதான் நடமாடுவார். ஓதல் கேட்டதும் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டு அப்படியே நிற்பார். அதைப் பார்த்த பிறகு என் பயம் இரண்டு மடங்கானது. எல்லார் காதிலும் விழுகிறது, ஒருவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்வதில்லை. அது மாமாவின் தம்பி ஹமீது வாழ்ந்த வீடு, அவர் மவுத்தாகிவிட்டார் என்பதோடு சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள். வருஷா வருஷம் அவர் ஆன்மாவுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தம் நடத்திச் சோறு கொடுப்பதுண்டு. அந்த வருஷம் நெய்ச்சோறு ஆக்கும் பொறுப்பு புது மருமகளான என்மேல் விழுந்தது.

அதிராம்பட்டினத்தில் எங்கள் தெருவில் கத்தச் சோற்றில் முதல் தட்டை, இறந்தவர் வாழ்ந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவோம். ஏழை எளியவர் யாராவது எடுத்துக்கொள்வார்கள். இங்கே அந்த வழக்கம் இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? மஃரிபு தொழுகை முடிந்து லெப்பை ஓத உட்கார்ந்ததும், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சந்து வழியாகப் போனேன். தட்டைப் படியில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் கதவு திறந்தது. நரைத்த தாடியோடு ஒருவர் நின்றார். அப்படியே மாமாவின் முகம்.

"ஆருக்கு மகள் கத்தம்?"

"மாமாவோட தம்பிக்கு. ஹமீது மாமாவுக்கு."

அவர் சோற்றைப் பார்த்தார். "அது நான்தான்" என்றார்.

வாசலில் நின்றபடியே சொன்னார். உம்மா இறந்த அன்று அவர் பக்கத்து ஊரான நாலந்தாவில் மிளகுத் தோட்டத்தில் இருந்தாராம். அண்ணன் ஆளனுப்பவில்லை, அன்றே அடக்கிவிட்டார். மறுநாள் வந்தவருக்கு ஈர மண்தான் மிச்சம். ஏன் சொல்லவில்லை என்று பள்ளிவாசலில் நாலு பேர் முன்னால் கேட்டார். அண்ணனோ, தனக்குத் தம்பியே இல்லை என்று சொல்லிவிட்டுச் சுவரெழுப்பினார், கத்தமும் ஓத ஆரம்பித்தார். தம்பியும் வீம்பில் குறைந்தவரல்ல. செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று, தம்பியை ஓநாய் தின்றதாகச் சொன்ன அண்ணன்மாரின் கதையைச் சுவருக்குக் கேட்கும்படி ஓதிக்கொண்டு இருந்திருக்கிறார். என்னை அடுத்த கப்பலிலேயே ஊருக்கு ஏற்றிவிடப்போகிறார்கள் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ தட்டைக் கையில் எடுத்தார். அந்த வீட்டிலிருந்து இந்தப் படிக்கு ஆள் வந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட்டு என் பின்னாலேயே நடந்து வந்தார்.

உள்ளே, மர்ஹூம் ஹமீதின் பிழைகளைப் பொறுத்தருளும்படி லெப்பை துஆ கேட்டுக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து ஒரு குரல் ஆமீன் சொன்னது. லெப்பையின் துஆ பாதியில் நின்றது. கூடத்தில் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும், ஏந்திய கையை இறக்காமல், பார்வை இல்லாத முகத்தை அந்தக் குரல் பக்கம் திருப்பினார்.

"உம்மாட முகத்த ஒனக்குக் காட்டாம அடக்கினது நான்தான் தம்பி."

எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை.

"இன்னைக்கி அந்தக் கணக்கு வேணாம் நானா" என்று அண்ணனிடம் சொன்னார் சின்ன மாமா. யூசுப் நபியும் தம் அண்ணன்மாரிடம் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். இத்தனை வருஷமும் அந்த இடத்தைத்தான் இவர் ஓதிப் பழகினாரோ என்னவோ. இருவரும் ஒரே சஹன் தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாமா விரலால் தடவித் தடவி இறைச்சியைத் தம்பி பக்கம் தள்ளினார். சின்ன மாமா உயிருள்ளவர்தானா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவர் பக்கத்துச் சோறு குறைகிறதா என்று திரைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். குறைந்தது.

அடுத்த வருஷம் கத்தம் இருக்காது என்று நினைத்திருந்தேன். சின்ன மாமாவே அரிசியோடு வந்து நின்றார். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு என்று மாமா தடுத்தார்.

"செத்துக் கெடந்த வருஷங்களுக்கு ஆரு ஓதுற நானா?"

லெப்பை உட்கார்ந்தார், பெயருக்கு உரியவரும் பக்கத்தில் உட்கார்ந்து கையேந்தினார். பாஸ்போர்ட், விசா என்று, நினைத்தபோது ஊருக்குப் போய்வர முடியாதபடி கடல் இறுகிப்போயிருந்த காலம் அது. ஊரில் என் வாப்பாவை அடக்கியதும் தங்கச்சிக்கு நிக்காஹ் ஆனதும் நான் இல்லாமலேதான் நடந்தன. லெப்பை ஹமீதின் பெயரைச் சொன்னபோது, திரைக்குப் பின்னால் உதட்டை மட்டும் அசைத்து என் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.