அண்ணி தூக்கிய பை

கோல்ஃப் சத்தமில்லாத ஆட்டம், பெரிய மனிதர்களின் ஆட்டம் என்று யாராவது சொன்னால், அவர் அண்ணியின் கொழுந்தன் ஆடிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பந்து நினைத்த இடத்தில் விழுந்தால் அவனைப் போலத் தங்கமான பிள்ளை கிடையாது. விழாவிட்டால் மட்டை பறக்கும். மரத்தில் மோதும், குளத்தில் முழுகும், ஒரு தடவை நடுவர் வந்த குட்டி வண்டியின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. திறமைக்குக் குறைவில்லை. கோபம்தான் மூக்குக்கு மேல் இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரனாகி எத்தனையோ வருடம் ஆகியும் ஒரு போட்டியில்கூட ஜெயித்ததில்லை.

அவனுக்குப் பை தூக்க வந்தவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகக் கும்பிடு போட்டுவிட்டு ஓடினார்கள். கடைசியாக ஓடியவர், “உங்க பையைத் தூக்கலாம் சார், உங்களைத் தூக்க முடியாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் வீட்டில் எல்லோர் கண்ணும் அண்ணி பக்கம் திரும்பியது. அண்ணி அதுவரை ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். நடக்கத் தெரிந்தும் பேசத் தெரியாத வயதுப் பிள்ளைகள்தான் அவர் பொறுப்பு. கடிப்பது, உதைப்பது, கையில் கிடைத்ததை வீசுவது, இதெல்லாம் அவருக்கு அன்றாடம். குரல் உயர்த்தாமலே முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பார். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று சுமந்து பழகிய உடம்பு, பை ஒரு பாரமே இல்லை. கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் பள்ளிக்கூடப் பையன். அன்றிலிருந்து அண்ணி சொன்னால் மட்டும் கேட்பான், அதுவும் பாதி.

அவர் கணவர் பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசையெல்லாம் மெழுகுத் தாடைகள் சிரித்துக்கொண்டிருக்கும். “போயிட்டு வா. அவன் பல்லைக் கடிக்கிற கடிக்குச் சீக்கிரம் நம்ம கடைக்கே வந்துடுவான். வெளியில காசு கொடுக்காம இருக்கட்டும்” என்று வழியனுப்பினார். பை தூக்குகிறவரைக் கேடி என்பார்கள் என்று தெரிந்ததும் அவருக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை. “எங்க வீட்டம்மா கேடி” என்று வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லி, வாய் திறந்திருந்தவர்களையும் சிரிக்க வைத்தார்.

அதோடு நின்றாரா? ஜெயித்தவரின் பையைத் தூக்கியவருக்குக் கடைசிக் குழியின் கொடி சொந்தம் என்ற வழக்கத்தையும் எங்கோ கேட்டுக்கொண்டு வந்து, முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். “கொடிக்கு” என்றார். கொடி வருகிற வழியைக் காணோம். அந்த ஆணியில் அண்ணியின் குடை தொங்க ஆரம்பித்தது. வருடங்கள் ஓடின, குடைகூட ஒன்று மாறி இன்னொன்று வந்துவிட்டது. வெளியே கேலியாகச் சிரித்தாலும், பட்டறையைக் கடக்கும்போதெல்லாம் அண்ணியின் கண் அந்த ஆணிக்குத்தான் போகும். அந்தக் கொடி வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது கணவருக்குக்கூட முழுதாகத் தெரியாது.

அண்ணியின் வைத்தியம் ரொம்ப எளிது. காப்பகத்தில் கற்றதுதான். வீசப் போகிற பிள்ளையிடம் வீசாதே என்று சொல்லிப் பயனில்லை, கையில் இருப்பதை வாங்கிவிட வேண்டும். கொழுந்தன் அடித்த பந்து கீழே விழுவதற்குள் அண்ணியின் கை நீளும், மட்டை பைக்குள் போயிருக்கும். பந்து எங்கே போய்த் தொலைந்தது என்று அவன் பார்த்துக் கொதிக்கும்போது கை வெறுங்கை. வெறுங்கையை எங்கே வீசுவான்? உடனே ஒரு பிஸ்கட் வரும்.

“வேணாம் அண்ணி.”

“மென்னு. மெல்லும்போது பல்லைக் கடிக்க முடியாது.”

மற்ற ஆட்டக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களும் அண்ணி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒன்றிரண்டு பேர் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட்டும் வாங்கித் தின்றார்கள்.

அப்படியே வந்து சேர்ந்தது அந்தப் போட்டி. நான்காம் நாள், கடைசிச் சுற்று, கடைசிக் குழி. கொழுந்தன் ஓர் அடி முன்னிலை! ஓர் அடி என்றால் சும்மாவா? நாலு நாள் ஆடி முடிக்கும்போது எதிராளியைவிட ஒரே ஓர் அடி குறைவாக அடித்திருந்தால் போதும், கோப்பை கைக்கு வந்துவிடும். அண்ணியின் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்துக்குப் பை தோளில் குதித்தது.

அந்த ஓர் அடி பின்தங்கிக் கூட ஆடியவரைச் சாமியார் என்பார்கள். ஜெயித்தாலும் புன்னகை, தோற்றாலும் புன்னகை. அவர் முகம் சுளித்து யாரும் பார்த்ததில்லை. தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மனிதர்.

இன்னொருவனும் அன்று கூடவே வந்தான். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு ரசிகன். ரசிகன் என்பதே மரியாதைக்குத்தான். காலையிலிருந்து கயிற்றுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு நடந்து, “இன்னிக்கு எதை உடைக்கப் போறே?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். காவலர்கள் அடக்கினால் அடங்குவான், அடுத்த குழியில் மறுபடி முளைப்பான். கொழுந்தன் காது சிவந்தது. ஒரு பாக்கெட் பிஸ்கட் காலியானது. ஆனால் ஒரு மட்டைகூடப் பறக்கவில்லை. அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசிக் குழியில் இரண்டாவது அடிக்கு அவன் மட்டையை ஓங்கும் நேரம் பார்த்து, “உடை! உடை!” என்று மஞ்சள் தொப்பி கத்தினான். கொழுந்தன் தோள் ஒரு துளி அசைந்தது, அவ்வளவுதான். பந்து வலப்பக்கம் விலகி, மேட்டின் மேல் நீளப் புல்லில் போய் விழுந்தது. சாமியாரின் பந்தோ கொடியிருக்கும் வழவழப்பான புல்தரையில் அழகாக இறங்கியது.

வழக்கம்போல அண்ணி மட்டையை வாங்கிப் பைக்குள் செருகிவிட்டு, விறுவிறுவென்று மேடேறிப் பந்தருகே போனார். கொழுந்தன் கீழே மூச்சை இழுத்து விட்டபடி மெதுவாக வந்துகொண்டிருந்தான். எதிரே கொடி படபடத்தது. அவர் பையை இறக்கப் போக, கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடி அதே குரல். “என்ன அண்ணி, பையைப் பூட்டிட்டீங்களா? குழந்தை அழப்போகுது!”

அவ்வளவுதான். இத்தனை வருடமாக உயராத குரல் உயர்ந்தது.

“வாயில விரல் வை!”

மேடு, மைதானம், தொலைக்காட்சிக் கேமரா எல்லாம் அதிர்ந்தன. “நானும் காலையிலேருந்து பாக்குறேன்! நாலு நாளா ஒருத்தன் உயிரைக் கொடுத்து ஆடுறான், உனக்கு விளையாட்டா இருக்கா? போ! அந்த மூலையில போய் நில்லு! திரும்பிப் பாத்தே, தெரியும் சேதி!”

சொன்னால் நம்பமாட்டீர்கள், மஞ்சள் தொப்பியின் விரல் வாய்க்குப் பாதி தூரம் போய்விட்டது. சுற்றி நின்ற கூட்டம் குலுங்கிச் சிரிக்க, அவன் தலை குனிந்து பின்னால் நகர்ந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

பந்தை யாரும் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் பார்த்தார். கத்துகிற வேகத்தில் அவர் பையைத் தரையில் ஓங்கி வைத்திருக்கிறார். பை சாய்ந்து, ஒரு மட்டை நழுவி வெளியே வந்து, அதன் தலை பந்தை இடித்துவிட்டது. ஒரு விரற்கடை நகர்ந்து பந்து ஒரு சிறு பள்ளத்தில் போய்க் குந்தியது.

பை தூக்குகிறவர் பந்தை நகர்த்தினாலும் ஆட்டக்காரன் கணக்கில் ஓர் அடி அபராதம். பந்தை எடுத்து முன்பிருந்த இடத்தில் வைக்க வேண்டும். ஓர் அடி போனால் முன்னிலை போச்சு. நடுவர் தூரத்தில் நிற்கிறார். கேமரா மஞ்சள் தொப்பியைத் துரத்துகிறது. கொடி கண்ணுக்கு முன்னாலேயே ஆடுகிறது. புல்லைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார். பிள்ளைகள் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற தன் கண்ணை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

கொழுந்தன் வந்து சேர்ந்தான். பையிலிருந்து ஒரு குட்டை மட்டையை உருவினான்.

“தம்பி, பந்து நகர்ந்துடுச்சு. நான்தான். பை இடிச்சுடுச்சு.”

அவன் பந்தைப் பார்த்தான். காது சிவந்தது. கழுத்து சிவந்தது. மட்டையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அண்ணியின் கை பழக்கத்தில் நீண்டு, பாதியில் நின்றுவிட்டது. இன்று எந்த முகத்தோடு அதை வாங்குவது? வீசட்டும், வீசினால் நியாயம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கையில் ஏதோ கனத்தது. கண்ணைத் திறந்தால், மட்டை அவர் கையில்.

“இதைப் பிடிங்க அண்ணி. நான் நடுவரைக் கூப்பிட்டுட்டு வரேன்.” ரெண்டு எட்டு வைத்தவன் திரும்பினான். “பிஸ்கட் இருக்கா?”

“இருக்கு தம்பி.”

“நீங்க ஒண்ணு சாப்பிடுங்க.”

நடுவர் வந்தார், கேட்டார், அபராதம் விதித்தார். கூட்டத்தில் “அய்யோ” என்று ஓர் இரைச்சல் எழுந்தது. அண்ணி வாயில் பிஸ்கட்டோடு அழுதுகொண்டே மென்றார். கொழுந்தன் பந்தைப் பழைய இடத்தில் வைத்து, மெல்லத் தூக்கி அடித்தான். அது கொடிக்கு ஓர் ஆள் நீளத்தில் வந்து நின்றது.

அடுத்து சாமியார். முதல் உருட்டில் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். மிச்சம் இருந்தது பச்சைப் பிள்ளைகூடத் தள்ளிவிடுகிற தூரம். போட்டுவிட்டால், கொழுந்தன் தன் பந்தையும் போட்டாலும் சமம்தான், அவன் தவறினால் கோப்பை சாமியாருக்கு. சாமியார் புன்னகைத்தார், தள்ளினார். பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என் விருப்பம் என்பதுபோல் வெளியே வந்து நின்றது!

அப்போது நடந்ததுதான் அதிசயம். சாமியார் அலறினார். கையிலிருந்த மட்டையைத் தலைக்குமேல் சுழற்றிக் குளத்துக்குள் விட்டெறிந்தார். அண்ணி பழக்கதோஷத்தில் ஓடிப்போய்க் கை நீட்டினார், எட்டவில்லை. சாமியாரின் கேடி வாயைப் பிளந்து நின்றான். பாவம், அவனுக்கு முன்னனுபவம் இல்லை. கூட்டம் “ஊ” என்று கூவியது. சாமியார் தன் கையையே யாருடையதோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் கூட்டத்தைப் பார்த்துக் கையமர்த்தினான். பிறகு சாமியாரிடம் போனான்.

“முதல் தடவையா?”

“ஆமா.”

“காது கொஞ்ச நேரம் சூடா இருக்கும். பயப்படாதீங்க, அடங்கிடும். அண்ணி, அந்த பிஸ்கட்டைக் கொடுங்க.”

நாலாயிரம் பேர் பார்க்க, சாமியார் பிஸ்கட்டை மென்றார். வேறொரு மட்டையை வாங்கி, பந்தை உள்ளே தள்ளினார். கொழுந்தனின் தோளைத் தட்டினார்.

இனி ஒரே ஒரு பந்து. ஓர் ஆள் நீளம். விழுந்தால் ஜெயம். கொழுந்தன் குனிந்தான். அண்ணி மூச்சு விடவில்லை. மூலைக்குப் போன மஞ்சள் தொப்பிகூட விடவில்லை. பந்து உருண்டது, உருண்டது, இடப்பக்கம் சாய்வதுபோல் பாசாங்கு செய்தது, பொத்தென்று விழுந்தது!

மைதானமே எழுந்து குதித்தது. கொழுந்தனின் கையில் மட்டை இருந்தது, யாரும் வாங்கவில்லை, அவனும் வீசவில்லை. அதைப் பூவைப்போலக் கீழே வைத்துவிட்டு, கொடிக்கம்பிலிருந்து துணியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தான். அண்ணி பின்வாங்கினார்.

“வேணாம் தம்பி. நான் அந்த ஓர் அடியை…”

“இத்தனை வருஷமா என் கையிலேருந்து வாங்கிக்கிட்டே இருந்தீங்க. இன்னிக்கு நானே தரேன், வாங்கிக்கங்க.”

அண்ணி வாங்கிக்கொண்டார். முகத்தைத் துடைக்கவும் அந்தக் கொடிதான் கிடைத்தது. பிறகு போனை எடுத்தார்.

“என்னடி ஆச்சு?” கணவர் பதறினார். “நீ அந்த ஆளைப் பாத்துப் போட்ட சத்தத்துல நான் பயந்துபோய் டிவியை அணைச்சிட்டேன். இன்னும் போடலை.”

“ஆணியில என்ன தொங்குது?”

“உன் குடைதான். வேற என்ன?”

“அதை எடுத்துடுங்க.”

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் குடை தரையில் விழுந்த சத்தம்.